வேறு இனத்தவரைக் கலியாணம் முடித்தவர்களின் விவாகரத்து: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருகோணமலை மாவட்டத்தில் 2012 குடிசன மதிப்பீட்டின்படி முஸ்லிம்கள் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு, தமிழர் கிட்டத்தட்ட மூன்றில் ஒரு பங்கு, சிங்களவர் கால் பங்குக்குச் சற்று மேல். கிண்ணியாவில் இருந்து வரும் பஸ்ஸிலும் கந்தளாயில் இருந்து வரும் பஸ்ஸிலும் நிலாவெளியில் இருந்து வரும் பஸ்ஸிலும் இறங்கும் சனம் ஒரே சந்தையில்தான் மீன் வாங்குகிறது. பழக்கம் வருகிறது, விருப்பம் வருகிறது, கலியாணமும் நடக்கிறது. அவற்றில் சில முறிந்தும் போகின்றன.

நான் சட்டத்தரணி இல்லை. அக்காவின் வழக்குக்கு அவளோடு போய்ப் பழகி, பிறகு தனியாகப் போகப் பயப்படும் பெண்களோடு நீதிமன்றத்துக்குத் துணைக்குப் போவது என் வேலையாகவே ஆகிவிட்டது. சில ஆண்களோடும் போயிருக்கிறேன். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டவற்றை இங்கே எழுதுகிறேன். உங்கள் வழக்கில் என்ன செய்வது என்பதைக் கடதாசிகளோடு போய் ஒரு சட்டத்தரணியிடம்தான் முடிவு செய்ய வேண்டும். அவரிடம் எதைக் கேட்பது என்று தெரிந்துகொண்டு போக இது உதவும்.

இன்னொரு இனத்தவரைக் கட்டினேன் என்பதற்காக நீதிமன்றம் என்னை வேறு மாதிரி நடத்துமா?

அப்படிச் செய்யச் சொல்லும் சட்டம் எதுவும் இல்லை. இனம், மதம், மொழி, சாதி, பால் காரணமாகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று அரசியலமைப்பின் 12ஆம் உறுப்புரை சொல்கிறது. ஆனால் அதே அரசியலமைப்பின் 16ஆம் உறுப்புரை, ஏற்கெனவே இருந்த சட்டங்கள் அடிப்படை உரிமைகளுக்கு முரணாக இருந்தாலும் செல்லும் என்கிறது. அதனால் நூறு வருடத்துக்கு முந்திய கலியாணச் சட்டங்களும் சொத்துச் சட்டங்களும் அப்படியே உயிரோடு இருக்கின்றன. அவற்றில் பல, பெண் எப்போதும் ஆணின் பக்கம் போய்ச் சேர்ந்துவிடுவாள் என்று எண்ணி எழுதப்பட்டவை.

இத்தனை வருடத்தில் நான் கண்டது இதுதான். நீதவான் முகம் பார்த்து அநியாயம் செய்வது குறைவு. எந்தப் பதிவேட்டில் கையெழுத்து வைத்தீர்கள், எந்த ஊரில் வழக்குப் போடப்பட்டது, எந்த மொழியில் சாட்சி சொன்னீர்கள், வீட்டு உறுதியில் (பத்திரத்தில்) யாருடைய பெயர் இருக்கிறது என்ற நான்கிலும்தான் அநியாயம் ஒளிந்திருக்கிறது. இனம் கடந்து கட்டிய பெண் இந்த நான்கிலும் தோற்கும் சாத்தியம் அதிகம். நீதிமன்றத்துக்குப் போக முன்னமே பாதி தோற்றுவிடுகிறாள்.

எங்கள் கலியாணம் எந்தச் சட்டத்தின் கீழ் வருகிறது என்று எப்படித் தெரியும்?

விவாகச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இலங்கையில் மூன்று பெரிய வாசல்கள் இருக்கின்றன. முதலாவது, 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டம். இதைத்தான் சனம் பொதுச் சட்டம் என்கிறது. இரண்டாவது, 1952ஆம் ஆண்டின் கண்டிய விவாக, விவாகரத்துச் சட்டம். மூன்றாவது, 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டம்.

தமிழரும் சிங்களவரும் முடித்தால் பொதுச் சட்டம். அவர் கண்டிச் சிங்களவராக இருந்தாலும் அப்படித்தான், ஏனென்றால் கண்டியச் சட்டம் இரண்டு பேரும் கண்டியராக இருந்தால்தான். ஐரோப்பிய வம்சாவளியினரான பறங்கியர் ஒருவரைக் கட்டிய பாலையூற்றுப் பிள்ளைக்கும் பொதுச் சட்டம்தான். முஸ்லிம் ஒருவரும் முஸ்லிம் அல்லாத ஒருவரும் மதம் மாறாமல் முடித்தால் அதுவும் பொதுச் சட்டம். ஆனால் மதம் மாறி, நிக்காஹ் செய்து, முஸ்லிம் சட்டத்தின் கீழ் பதிந்தால், பிரியும்போது முஸ்லிம் கலியாண வழக்குகளைப் பார்க்கும் காதி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். கலியாண நாளில் யாரும் இதைச் சொல்லித் தருவதில்லை. படம் எடுக்கும் அவசரத்தில் கையெழுத்து வைத்தேன் என்று என்னிடம் சொன்ன பெண்கள் பலர்.

இரண்டு பேருக்குமே பிரியச் சம்மதம். ஏன் உடனே தருகிறார்கள் இல்லை?

பொதுச் சட்டம் குற்றம் கேட்கிறது. கலியாணத்துக்குப் பிறகு வேறொருவரோடு உறவு, வேண்டுமென்றே கைவிட்டுப் போதல், கலியாண நேரத்திலேயே இருந்த தீராத ஆண்மைக் குறைபாடு போன்ற இயலாமை. இந்த மூன்றில் ஒன்றை நிரூபிக்க வேண்டும். மனம் ஒத்துப்போகவில்லை என்பது காரணமே இல்லை. 1970களின் கடைசியில் வந்த ஒரு திருத்தம், பல வருடம் பிரிந்து வாழ்ந்தவர்களுக்கு ஒரு வழியைத் திறந்தது போலத் தெரிந்தது. ஆனால் அதற்கும் குற்றம் காட்டத்தான் வேண்டும் என்று உயர் நீதிமன்றம் 1986இல் தீர்த்துவிட்டது.

இப்போது கண்டியச் சட்டத்தைப் பாருங்கள். அதில் இருவரும் சம்மதித்தால் பிரியலாம், அதுவும் நீதிமன்றம் ஏறாமல் மாவட்டப் பதிவாளர் முன்னால். ஆகவே கண்டிச் சிங்களவர் ஒருவர் தன் இனப் பெண்ணைக் கண்டியச் சட்டத்தில் கட்டினால் சம்மதத்தோடு பிரியலாம். அதே மனிதர் உப்புவெளித் தமிழ்ப் பெண்ணைக் கட்டினால் யாராவது ஒருவர் குற்றவாளி ஆக வேண்டும். ஒரே நாடு, ஒரே மனிதர், கட்டிய பெண்ணின் இனம் மட்டும் வேறு. இதைவிட வெளிப்படையான ஏற்றத்தாழ்வை என்னால் காட்ட முடியாது. கண்டியச் சட்டமும் பெண்ணுக்கு நேர்மையாக இல்லை. அதில் மனைவியின் பிறர் உறவு தனியே போதிய காரணம். கணவனுடையது என்றால் அதோடு இரத்த உறவுக்குள் தகாத உறவோ பெரிய கொடுமையோ சேர்ந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் என்ன நடக்கிறது என்றால், ஒருவர் கைவிட்டுப் போனார் என்று மற்றவர் வழக்குப் போடுவார், எதிராளி எதிர்க்காமல் விடுவார். இருவரும் கூடிப் பேசிச் செய்த வழக்கு என்று தெரிந்தால் நீதிமன்றம் தள்ளிவிடும் என்பதால் பேச்சை வெளியே விட முடியாது. "குற்றத்தை நீ ஏற்றுக்கொள், கெதியாக முடியும்" என்று பெண்ணிடம்தான் கேட்பார்கள். ஏற்காதீர்கள் என்று நான் சொல்லவில்லை. ஏற்க முன், தாபரிப்பும் (பராமரிப்புக்குத் தரும் காசு) சொத்தும் அதனால் எப்படிப் பாதிக்கப்படும் என்று உங்கள் சொந்தச் சட்டத்தரணியிடம் கேளுங்கள். அவருடைய சட்டத்தரணியிடம் கேட்க வேண்டாம்.

தீர்ப்பு வந்த அன்றே நான் விடுபட்டவளா?

இல்லை. முதலில் வருவது இடைக்காலத் தீர்ப்பு. குறைந்தது மூன்று மாதம் கழித்துத்தான் அது முடிவுத் தீர்ப்பாகும். அதற்கு முன் மறுமணம் செய்தால் அது செல்லாது.

அவர் அடிக்கிறார். அடி ஒரு காரணம் இல்லையா?

அடி என்று தனியே ஒரு காரணம் சட்டத்தில் எழுதப்படவில்லை. ஆனால் கூட வாழ முடியாத அளவுக்குக் கொடுமை செய்து உங்களை வெளியே போக வைத்தால், கைவிட்டவர் அவர்தான் என்று நீதிமன்றம் கொள்ளும். வீட்டை விட்டு இறங்கியது நீங்களாக இருந்தாலும் பிழை அவருடையது. இது முக்கியமான நுணுக்கம். மொழி பற்றிய கேள்வியில் மறுபடி இதற்கு வருகிறேன்.

விவாகரத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம். இடைக்காலக் கட்டளை 14 நாட்களுக்கு வரும், முழுக் கட்டளை 12 மாதம் வரை நீளலாம். தமிழர், முஸ்லிம், சிங்களவர் எல்லாருக்கும் இது ஒன்றுதான். காதி நீதிமன்றத்தில் வழக்கு இருக்கும் பெண்ணும் இதற்கு நீதவானிடம் போகலாம்.

பொலிஸில் முறைப்பாடு எழுதும்போது ஒரு விஷயம். உங்களுக்கு வாசிக்கத் தெரியாத மொழியில் எழுதிய வாக்குமூலத்தில் கையெழுத்து வைக்காதீர்கள். "தமிழில் எழுதுங்கள், இல்லாவிட்டால் தமிழில் வாசித்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். நேரம் எடுக்கும், முகம் சுளிப்பார்கள். பரவாயில்லை, இருந்து கேளுங்கள். பிறகு விவாகரத்து வழக்கில் அந்த வாக்குமூலம் உங்களுக்கு எதிராகவே வரக்கூடும். அவசரத்துக்கு 119, பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, பிள்ளைகளுக்கு 1929.

வழக்கு எந்த மொழியில் நடக்கும்?

வடக்கிலும் கிழக்கிலும் நீதிமன்ற மொழி தமிழ். மற்ற மாகாணங்களில் சிங்களம். எங்கே என்றாலும், நடக்கும் மொழி தெரியாதவருக்கு அரச செலவில் மொழிபெயர்ப்புக் கொடுக்க வேண்டும் என்று அரசியலமைப்பின் 24ஆம் உறுப்புரை சொல்கிறது. இது சலுகை இல்லை, உரிமை. திருகோணமலையில் நடக்கும் வழக்கில் சிங்களக் கணவனுக்கோ மனைவிக்கோ இதே உரிமை இருக்கிறது. அவர்களுக்குப் புரியாமல் வழக்கு நடந்தால் அதுவும் அநியாயம்தான்.

இனி அக்காவின் கதை. அவளுடைய கணவர் வேறு மாகாணத்துச் சிங்களவர். சண்டை பெருத்து ஒரு இரவு அவளையும் சின்னவனையும் வெளியே விட்டுக் கதவைப் பூட்டிவிட்டார். அவள் பஸ் ஏறி அம்மாவிடம் வந்துவிட்டாள். வழக்கை முதலில் போட்டது அவர், தன்னுடைய ஊரில். அங்கே சிங்களத்தில்தான் நடந்தது. சாட்சிக் கூட்டில் அக்கா, "பிள்ளையையும் தூக்கிக்கொண்டு அம்மா வீட்டை வந்திட்டன்" என்றாள். அன்றைக்கு மொழிபெயர்த்தவர் சொன்ன சிங்களத்தின் பொருள், "வீட்டை விட்டுப் போய்விட்டேன்" என்பது. வந்திட்டன் என்று அழுதுகொண்டு சொன்னது, போய்விட்டேன் என்று பதிவானது. யார் யாரைக் கைவிட்டார் என்பதுதான் வழக்கே. அந்த ஒரு வினைச்சொல்லில் அவள் குற்றவாளி ஆகியிருப்பாள்.

நல்லகாலம், எங்கள் சட்டத்தரணிக்கு இரண்டு மொழியும் தெரியும். எழுந்து நின்று, கதவு பூட்டப்பட்டதைப் பற்றி மறுபடி கேள்வி கேட்டார். பதிவு திருத்தப்பட்டது. அவருக்குத் தமிழ் தெரியாமல் இருந்திருந்தால்? அந்தக் கேள்விதான் என்னை இந்த வேலைக்குக் கொண்டுவந்தது.

ஆகவே, மொழிபெயர்க்கும் நீதிமன்ற அலுவலரான முதலியார் இருக்கிறாரா என்று முதல் தவணையிலேயே கேளுங்கள். சின்னச் சின்ன வசனமாகச் சொல்லுங்கள். "என்னை வெளியே விட்டார், அதனால் வந்தேன்" என்று காரணத்தை முன்னுக்கு வையுங்கள். கொஞ்சம் சிங்களம் தெரியும் என்பதற்காகச் சிங்களத்தில் சாட்சி சொல்லப் போகாதீர்கள். கடையில் பேசும் சிங்களம் சாட்சிக் கூட்டில் காணாது.

அப்படியென்றால் வழக்கை எந்த ஊரில் போடுவது?

வழக்குப் போடுபவர் வசிக்கும் இடத்தின் மாவட்ட நீதிமன்றத்தில் போடலாம். முதலில் போடுபவர்தான் ஊரைத் தீர்மானிக்கிறார், ஊர்தான் மொழியைத் தீர்மானிக்கிறது. நீங்கள் குருநாகலில் இருந்து திரும்பி வந்து திருகோணமலையில் வசித்தால் இங்கேயே போட முடியும். வசிப்பதற்குக் கிராம உத்தியோகத்தரின் சான்றிதழ் உதவும். "அவர் திருந்துவார்" என்று இரண்டு வருடம் பார்த்திருந்து, ஒரு நாள் பிஸ்கால் என்ற நீதிமன்ற ஊழியர் கொண்டுவரும் அழைப்பாணையில் தூரத்து நீதிமன்றத்தின் பெயரைப் பார்ப்பது பெரும்பாலும் பெண்கள்தான். ஒவ்வொரு தவணைக்கும் பிள்ளையை யாரிடமாவது விட்டுவிட்டு இரவு பஸ் ஏற வேண்டும். காசில்லாதவள் இரண்டு தவணை தவறவிடுவாள், வழக்கு அவள் இல்லாமலே முடிந்துவிடும்.

நான் இந்துப் பிள்ளை. மதம் மாறி நிக்காஹ் செய்தேன். இப்போது பிரிய வேண்டும். என்ன நடக்கும்?

நீங்கள் காதி நீதிமன்றத்துக்குத்தான் போக வேண்டும். பழைய மதத்துக்குத் திரும்பிவிட்டேன் என்று சொல்வதால் கலியாணம் தானாக முறியாது.

முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்படி கணவன் தலாக் சொல்லப் போனால் காரணம் நிரூபிக்க வேண்டியதில்லை. அறிவித்தல் கொடுத்து, சமாதான முயற்சிக்கு இடம் விட்டு, முறைப்படி சொன்னால் போதும். மனைவி பஸ்ஹ், அதாவது கணவனின் பிழைக்காக விவாகரத்து, கேட்டால் அவனுடைய பிழையைச் சாட்சியோடு நிரூபிக்க வேண்டும். குல்உ என்ற வழியில் மனைவி பெரும்பாலும் மஹர் (மாப்பிள்ளை பெண்ணுக்குக் கொடுப்பது) போன்ற ஒன்றை விட்டுக்கொடுத்து வெளியே வர வேண்டும். இருவரும் ஒத்துக்கொண்டால் முபாரஅத் என்ற வழி இருக்கிறது. பொதுச் சட்டத்தில் இல்லாத இந்தச் சம்மத வழி இங்கே இருப்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காதியாக ஒரு முஸ்லிம் ஆண்தான் நியமிக்கப்படலாம் என்று சட்டமே சொல்கிறது. சட்டத்தரணி அங்கே உங்களுக்காகப் பேச முடியாது. மதம் மாறி வந்த பெண்ணுக்கு இது இரட்டைச் சுமை. பிறந்து வளர்ந்த முஸ்லிம் பெண்ணுக்கு வாப்பா, காக்கா, மாமா என்று கூட வந்து கதைக்க ஆள் இருக்கும். உங்களுக்கு அந்தச் சபையில் யாரும் இல்லை. பேசப்படும் சொற்களின் பொருள்கூடத் தெரியாமல் நிற்பீர்கள். நான் துணைக்குப் போனபோது, பொறுமையாக உட்காரவைத்து ஒவ்வொன்றையும் விளக்கிய காதியார் ஒருவரைச் சந்தித்திருக்கிறேன். அந்த நன்றி எனக்கு இருக்கிறது. ஆனால் ஒரு மனிதர் நல்லவராக இருப்பதில் ஒரு பெண்ணின் நீதி தங்கியிருக்கக் கூடாது.

தீர்ப்புப் பிழை என்று நினைத்தால் காதிகள் சபைக்கும், அதற்கு மேல் மேன்முறையீட்டு நீதிமன்றத்துக்கும் போகலாம். பிள்ளை யாரிடம் இருப்பது என்ற வழக்கைச் சாதாரண நீதிமன்றம்தான் பார்க்கும். இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லிப் பல பத்து வருடங்களாகக் குரல் கொடுப்பவர்கள் முஸ்லிம் பெண்களே. 2009இல் சலீம் மர்சூப் தலைமையில் ஒரு குழு நியமிக்கப்பட்டது. அதன் அறிக்கை 2018இல்தான் கையளிக்கப்பட்டது. ஆகவே இதை ஒரு சமூகத்தின் மீது குற்றம் சுமத்தும் பேச்சாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

என் கணவர் இந்துதான். இப்போது இஸ்லாத்துக்கு மாறி இன்னொருத்தியைக் கட்டப் போகிறேன் என்கிறார். முடியுமா?

முடியாது. 1960களில், அப்போது இலங்கைக்கு இறுதி மேன்முறையீட்டு மன்றமாக இருந்த இலண்டன் பிரிவிக் கவுன்சில் அப்படிப்பட்ட இரண்டாம் கலியாணம் செல்லும் என்று சொன்னது உண்மை. 1990களின் கடைசியில் இலங்கை உயர் நீதிமன்றம் அதை ஏற்க மறுத்துவிட்டது. ஒருதாரச் சட்டத்தின் கீழ் முடித்தவர் மதம் மாறினாலும் முதல் கலியாணம் இருக்கும்வரை இரண்டாவது செல்லாது, அது இருதார மணக் குற்றம். பழைய தீர்ப்பை மட்டும் தெரிந்தவர்கள் இன்னும் ஊரில் இருக்கிறார்கள், அவர்கள் சொல்வதைக் கேட்டுப் பயப்படாதீர்கள்.

வீடு, காணி யாருக்கு?

இந்தக் கேள்விக்குத்தான் பெண்கள் அதிகம் அழுகிறார்கள்.

பொதுச் சட்டத்தில் கலியாணத்துக்குள் சேர்ந்த சொத்தை இருவருக்கும் சமமாகப் பிரிக்கும் விதி இல்லை. உறுதியில் யாருடைய பெயரோ அவருக்குத்தான். 1923ஆம் ஆண்டின் சட்டத்தால் மணமான பெண் தன் பெயரில் சொத்து வைத்திருக்கவும் விற்கவும் முடியும். ஆனால் பதினைந்து வருடம் சமைத்து, பிள்ளை வளர்த்து, கடையில் நின்றதற்குப் பங்கு என்று அதில் எதுவும் இல்லை. விவாகரத்து வழக்கில் பணமோ சொத்தோ எழுதிக் கொடுக்கும்படி நீதிமன்றம் கட்டளையிடலாம். அதை வழக்கு மனுவிலேயே கேட்டிருக்க வேண்டும்.

கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் ஒரு பழைய வழக்கம் இருக்கிறது. மகளுக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள், மாப்பிள்ளைதான் அந்த வீட்டுக்கு வருவார். சீதனத்தை நான் ஆதரிக்கவில்லை. ஆனாலும் கலியாணம் முறிந்தால் சட்டி பானையோடு வெளியே போவது அவர்தான், பிள்ளைகள் வீட்டில் இருப்பார்கள். இனம் மாறிக் கட்டிய பிள்ளைக்கு அந்த வீட்டைக் கொடுப்பதில்லை. கோபத்தில் தங்கச்சிக்கு எழுதிவிடுவார்கள். அவள் வெறுங்கையோடு அவருடைய இடத்துக்குப் போவாள், பிரியும்போது வெறுங்கையோடு திரும்புவாள். எந்தச் சட்டப் புத்தகத்திலும் எழுதாத இந்த இழப்பை நான் பார்த்த வீடுகளில் எல்லாம் கண்டிருக்கிறேன். தகப்பன்மாரே, கோபம் இருந்தால் கலியாணத்துக்கு வராமல் இருங்கள். அவளுக்குச் சேர வேண்டிய வீட்டை மட்டும் பறிக்காதீர்கள்.

குடியேற்றத் திட்டங்களில் அரசு அனுமதிப்பத்திரத்தோடு கொடுத்த காணி என்றால் பத்திரத்தில் பெரும்பாலும் ஆண் பெயர்தான் இருக்கும். காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தில் ஆண் பிள்ளைக்கு முன்னுரிமை கொடுத்த வாரிசு வரிசை 2022 திருத்தத்தில்தான் மாறியது.

யாழ்ப்பாணத்து ஆளைக் கட்டினால் தேசவழமை எனக்கும் வருமா?

வரும். தேசவழமை வடமாகாணத் தமிழருக்கான சட்டம், திருகோணமலைத் தமிழருக்கு இல்லை. ஆனால் 1911ஆம் ஆண்டின் யாழ்ப்பாணத் திருமண உரிமைகள், மரபுரிமைக் கட்டளைச் சட்டத்தின் 3ஆம் பிரிவைப் பாருங்கள். தேசவழமைக்கு உட்படாத பெண், உட்பட்ட ஆணைக் கட்டினால் கலியாணம் நிலைக்கும்வரை அவளும் உட்படுவாள். உட்பட்ட பெண், உட்படாத ஆணைக் கட்டினால் அவள் அதிலிருந்து வெளியே போய்விடுவாள். இரண்டு பக்கமும் மாறுவது பெண்தான். ஆண் இருந்த இடத்திலேயே இருக்கிறார். உட்பட்டால், உங்கள் காணியை விற்கக் கணவரின் எழுத்துமூலச் சம்மதம் வேண்டும். தேடிய தேட்டத்தில், அதாவது கலியாணத்துக்குப் பிறகு சேர்த்த சொத்தில், பாதி உரிமை உண்டு என்பது மறுபக்க நன்மை.

மற்றவர்களுக்கான 1876ஆம் ஆண்டின் திருமண உரிமைகள், மரபுரிமைச் சட்டமும் இதே மனப்பான்மைதான். வேறு இன ஆணைக் கட்டிய பெண்ணை, அந்தச் சட்டத்தின் தேவைகளுக்கு, கணவனின் இனத்தவளாகவே அது கொள்கிறது. விக்டோரியா மகாராணி காலத்து வசனம் இது. இன்றைக்கும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது.

பிள்ளை யாரோடு இருக்கும்? இனமும் மதமும் பார்ப்பார்களா?

இலங்கைப் பொதுச் சட்டத்துக்கு அடிப்படையான உரோம டச்சுச் சட்டத்தின் பழைய பார்வையில் தகப்பன்தான் இயற்கைப் பாதுகாவலர். சின்னப் பிள்ளைகளையும் பெண் பிள்ளைகளையும் தாயிடம் விடுவது வழக்கமாக வந்தது. இப்போது பிள்ளையின் நலன்தான் முதன்மை என்று மேல்நிலை நீதிமன்றங்களின் தீர்ப்புகள் தெளிவாகச் சொல்கின்றன. அவ்வளவில் நல்லது. ஆனால் நலன் என்ற சொல்லுக்குள் எதையும் அடைத்துவிடலாம். "பிள்ளை சிங்கள மொழிமூலம் படித்தவன், தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் கெட்டுப்போவான்" என்று வாதம் வரும். "எங்கள் மார்க்கத்தில் வளர வேண்டும்" என்று வரும். இந்த வாதங்களைத் தமிழ்க் குடும்பங்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன், சிங்கள மனைவிக்கு எதிராக.

அமெரிக்காவில் 1984இல் ஒரு வழக்கு உயர் நீதிமன்றம் வரை போனது. புளோரிடாவில் ஒரு வெள்ளைக்காரத் தாய், விவாகரத்துக்குப் பிறகு கறுப்பினத்தவர் ஒருவரை மணந்தாள். பிள்ளை சமூகத்தின் ஏளனத்துக்கு ஆளாகும் என்று சொல்லி, கீழ் நீதிமன்றம் பிள்ளையைத் தகப்பனிடம் கொடுத்தது. பால்மோர் எதிர் சிடோட்டி என்ற அந்த வழக்கில், ஊராரின் இனவெறுப்பைக் காரணம் காட்டித் தாயிடமிருந்து பிள்ளையை எடுக்க முடியாது என்று நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்த்தார்கள். ஆனால் அதற்குள் தகப்பன் பிள்ளையோடு டெக்சஸ் மாநிலத்துக்குப் போய்விட்டார். தாய்க்குப் பிள்ளை திரும்பக் கிடைக்கவில்லை. நாட்டின் மிக உயர்ந்த மன்றத்தில் வென்றும் அவள் வெறுங்கையோடு நின்றாள். அதனால்தான் சொல்கிறேன், பிள்ளை விஷயத்தில் முதல் நாளே இடைக்காலக் கட்டளை கேளுங்கள். பிள்ளை எங்கே இருந்து பழகிவிட்டதோ, அங்கேயே விடப் பார்ப்பது எல்லா நாட்டு நீதிமன்றங்களின் பழக்கம்.

பிள்ளைக்கு இரண்டு மொழியும் தெரிந்தால் இரண்டையும் விடாமல் வையுங்கள். அக்காவின் மகன் இன்றும் அப்பம்மாவோடு தொலைபேசியில் சிங்களத்தில் கதைக்கிறான். வழக்கு நடந்த காலத்திலும் அக்கா அதை நிறுத்தவில்லை.

தாபரிப்பு எவ்வளவு காலம்?

1999ஆம் ஆண்டின் 37ஆம் இலக்கத் தாபரிப்புச் சட்டம், நீதவான் நீதிமன்றம். பிள்ளைக்கு 18 வயது வரை. தன்னைத் தானே பார்க்க முடியாத நிலையில் இருந்தால் 25 வரையும் கேட்கலாம். கலியாணம் பதியாமல் பிறந்த பிள்ளைக்கும் உண்டு. தகப்பன் யார் என்பதை நிரூபிக்க வேண்டும். இருவரும் சம்மதித்துப் பிரிந்து வாழ்கிறோம் என்று எழுதிக் கொடுத்தால் உங்களுக்கான தாபரிப்பு கிடைக்காமல் போகலாம். ஆகவே அப்படி ஒரு கடதாசியில் அவசரப்பட்டுக் கையெழுத்து வேண்டாம்.

ஆண்களுக்கு அநியாயம் நடப்பதில்லையா?

நடக்கிறது. தாபரிப்புச் சட்டம் கணவன் மனைவி இருவருக்கும் பொது என்பது பல ஆண்களுக்குத் தெரியாது. நோயாளியான கணவனும் கேட்கலாம். பிள்ளையைப் பார்க்கப் போன தமிழ்த் தகப்பன் ஒருவரை மனைவியின் ஊரில் வாசலோடு திருப்பி அனுப்பினார்கள். பிறகு நீதிமன்றக் கட்டளையோடுதான் அவர் பிள்ளையைப் பார்த்தார். அவருக்கும் நான் துணைக்குப் போனேன்.

கோயிலில் தாலி கட்டினோம், பதியவில்லை. இது கலியாணமா?

வழக்காற்று முறைப்படி சடங்கு செய்திருந்தால் பதியாத கலியாணமும் செல்லலாம். ஆனால் இரண்டு இனத்தவர் என்றால் யாருடைய வழக்காறு என்ற கேள்வி எழும், நிரூபிப்பது கடினம். ஒருவேளை சேர்ந்தே வாழ்கிறீர்கள் என்றால் நாளைக்கே போய்ப் பதியுங்கள்.

எனக்காகச் சாட்சி சொல்ல யாரும் இல்லையே?

இதுவும் கலப்புக் கலியாணத்துக்கே உரிய துன்பம். "நாங்கள் அப்பவே சொன்னோம்தானே" என்று சொந்தங்கள் ஒதுங்கிவிடும். அவருடைய ஊரில் அயலவர் எல்லாரும் அவருடைய ஆட்கள். அதனால் உங்கள் சாட்சி கடதாசிதான். வைத்தியசாலைக் குறிப்பு, பொலிஸ் முறைப்பாட்டு இலக்கம், நீங்கள் அனுப்பிய காசின் வங்கிச் சீட்டு, வட்ஸ்அப் செய்திகள், பிள்ளையின் பள்ளிக்கூட அறிக்கையில் யார் கையெழுத்து வைத்தார் என்பது. இவற்றின் பிரதிகளை வீட்டுக்கு வெளியே, நம்பும் ஒருவரிடம் வையுங்கள். ஆசிரியர், தாதி, மருத்துவமாது போன்றவர்கள் இனம் பார்க்காமல் வந்து சாட்சி சொன்னதைக் கண்டிருக்கிறேன். கேட்க வெட்கப்படாதீர்கள்.

சட்டத்தரணிக்குக் கொடுக்கக் காசில்லை.

1978ஆம் ஆண்டின் சட்டத்தால் உருவான சட்ட உதவி ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக வழக்குப் பேசுகிறது. திருகோணமலையிலும் அதன் நிலையம் இருக்கிறது. விவாகச் சான்றிதழ், பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டை, கிராம உத்தியோகத்தரின் வருமானக் கடிதம் ஆகியவற்றோடு காலையிலேயே போங்கள்.

இன்னும் கட்டவில்லை, கட்டப் போகிறோம். என்ன பார்க்க வேண்டும்?

பிரிவதைப் பற்றி நினைத்துக்கொண்டு யாரும் கட்டுவதில்லை, எனக்குத் தெரியும். ஆனாலும் எந்தச் சட்டத்தில் பதியப் போகிறீர்கள் என்று இருவரும் இருந்து பேசுங்கள். மதம் மாறுவது மனதார எடுத்த முடிவாக இருந்தால் உங்கள் உரிமை. கலியாணத்துக்காக மட்டும் என்றால், மாறாமலே பொதுச் சட்டத்தில் பதியலாம் என்பதைத் தெரிந்துகொண்டு முடிவு எடுங்கள். வாங்கும் காணியை இரண்டு பெயரிலும் எழுதுங்கள். அவர் அரச வேலையில் மாற்றலாகிப் போகும்போது கூடப் போனால், சான்றிதழ்களின் அத்தாட்சிப் பிரதி ஒன்றை அம்மா வீட்டில் விட்டுவிட்டுப் போங்கள். பூட்டிய கதவுக்கு வெளியே நின்ற இரவில் அக்காவின் கையில் பிள்ளை மட்டும்தான் இருந்தது. விவாகச் சான்றிதழ் உள்ளே அலுமாரியில் கிடந்தது.